அடையாள அட்டையும் அறியாத கடனும்

கேள்வி: தொலைந்த என் தேசிய அடையாள அட்டையைக் காட்டி வேறொருவர் கடன் பெறக்கூடுமோ? என் செய்வது?
– வாசகி, ஹட்டன்

பதில்: தங்கள் அச்சம் நியாயமானதே, சகோதரி. முதற்காரியமாகப் பொலிஸில் முறைப்பாடு பதிந்து பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். அட்டை கைவிட்டுப்போன திகதிக்கு அதுவே சாட்சி. அமெரிக்காவில் ஒருவர் தம் கடன் பதிவேட்டில் ஓராண்டுக்கு எச்சரிக்கைக் குறிப்பு இடுவிக்கலாம். இங்கோ, 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்து, ‘கிரிப்’ என வழங்கும் கொடுகடன் தகவல் பணியகத்திடம் தம் அறிக்கையைத் தாமே கேட்டுப் பெற்று, அறியாத கடனோ, நில்லாத பிணையோ தம் பெயரில் ஏறியுள்ளதா என்று நிதானமாக வாசிப்பதே உசிதம். லயத்துக்கே வந்து நுண்கடன் தருவோரிடம் கேட்டவுடன் அட்டைப் பிரதியை நீட்டும் வழக்கம் என்னைப் பெரிதும் வருத்துகிறது. பிரதியின் மேல் காரணத்தையும் திகதியையும் எழுதியே கொடுங்கள். பிழையான பதிவு கண்டால், கடன் வழங்கிய நிறுவனத்துக்கு எழுத்திலே ஆட்சேபம் தெரிவியுங்கள். அவர்கள் செவிசாய்க்காவிடின் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழையுங்கள்.