பாரிஸில் செல்போனை எடுத்தாலே பணமா?

கேள்வி: பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு, அந்நாட்டினர் பாரிஸ் போனாலும் செல்போனுக்குத் தனிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறதாமே, ஏன்?

பதில்: பலர் கட்டத்தான் வேண்டியிருக்கிறது. ஒன்றியத்துக்குள் எங்கே போனாலும் சொந்த நாட்டுக் கட்டணமே என்ற விதி 2017 ஜூன் 15-இல் அமலுக்கு வந்தது. அதன் உயிர்நாடி பயணிகளின் கண்ணில் படாத ஓர் இடத்தில் இருக்கிறது: ஒரு நாட்டு நிறுவனம் இன்னொரு நாட்டு நிறுவனத்திடம் வசூலிக்கும் மொத்த விலைக்கும் சட்டம் உச்சவரம்பு வைத்தது. 2022 ஜூலையில் அது ஒரு ஜிபிக்கு 2 யூரோ. 2020 டிசம்பர் 31-உடன், ஒன்றியத்தின் விதிகள் பிரிட்டனுக்கும் நீடித்த மாறுதல் காலம் முடிந்ததும், பிரிட்டனுக்கு அந்த வரம்பு இல்லாமல் போனது. 2022-இல் அந்நாட்டுச் செல்போன் நிறுவனங்களான வோடஃபோன், இஇ, த்ரீ ஆகிய மூன்றும் புதிய வாடிக்கையாளர்களிடம் நாளுக்கு 2 பவுண்டு அளவில் வசூலிக்கத் தொடங்கின. நான்கு பேர் பத்து நாள் போய்வந்தால் 80 பவுண்டு.

இன்னொரு நிறுவனமான ஓ2 வசூலிக்கவில்லையே, போட்டியே போதாதா என்பார்கள். அது அந்த நிறுவனம் தரும் சலுகை, நினைத்தால் நிறுத்திக்கொள்ளலாம். சட்டம் தரும் உரிமையை அப்படிப் பறிக்க முடியாது. ஊர் சுற்றுபவர் செலவை வீட்டிலிருப்பவர் ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் ஒரே ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாலும் முழுநாள் கட்டணம் என்பது செலவுக்கேற்ற விலையே அல்ல. பயணமே போகாதவருக்கும் இந்தச் சிக்கல் வரலாம்: வட அயர்லாந்து எல்லையோரம் வசிப்பவரின் போன், அவர் வீட்டை விட்டு நகராமலேயே அயர்லாந்தின் செல்போன் கோபுரத்தைப் பிடித்துவிடக்கூடும். இத்தகையோருக்குப் பாதுகாப்பு தர, பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2024 அக்டோபரில் தனி விதிகளையே அமல்படுத்த வேண்டியிருந்தது.