மாம்பழத்தை வீட்டிற் கெடாது வைத்திருத்தல்



வைகாசி பிறந்து சோழகக் காற்று வீசத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வளவுகள் தோறும் கறுத்தக் கொழும்பான் மாங்காய்கள் முற்றத் தொடங்குகின்றன. ஆண்டு முழுவதும் காத்திருந்து பெறும் விளைவு சில கிழமைகளுள் ஒருங்கே வந்து சேர்கின்றது. வீட்டார் உண்டும் உறவினர்க்கு ஈந்தும் எஞ்சியவற்றை அறை மூலையிற் குவித்து வைக்க, பத்து நாள் கழியுமுன் அவற்றுட் பெரும்பகுதி அழுகிக் குப்பைக் கிடங்கைச் சேர்வதைப் பல வீடுகளிலும் காணலாம். அழுகிவிடும் என்னும் அச்சத்தினாலேயே, படலைக்கு வரும் வியாபாரி சொல்லும் விலைக்குப் பலர் உடன்படுகின்றனர். பழம் ஒரு கிழமை கூடுதலாகத் தாங்குமாயின் விலை பேசும் பலம் உங்களுடையதாகும்.

இரசாயன மருந்து தெளியாது விளைந்த பழத்தைப் பல நாள் வைத்திருக்க முடியாதெனச் சிலர் கருதுகின்றனர். மருந்து செய்யும் வேலையிற் பெரும்பகுதியைக் கவனத்தினாற் செய்யலாம். அதற்கான வழிகளை இங்கு கூறுவோம்.

பழுக்க வைத்தல் வேறு, வைத்திருத்தல் வேறு

மரத்திலிருந்து பறித்த பின்னரும் காய் உயிருடனேயே இருக்கின்றது. அது சுவாசிக்கின்றது, வெப்பத்தை வெளிவிடுகின்றது, பழுக்கும்போது எதிலீன் என்னும் வாயுவையும் வெளிவிடுகின்றது. இவ்வாயு அருகிலுள்ள காய்களையும் பழுக்கத் தூண்டும். காய்களைக் குவித்து வைக்கோலால் மூடினால் வெப்பமும் வாயுவும் உள்ளே தங்குவதால் அவை விரைவிற் பழுக்கின்றன. நம் முன்னோர் வைக்கோலிலும் நெற்குவியலிலும் மாங்காயைப் புதைத்துப் பழுக்க வைத்தமைக்குக் காரணம் இதுவே. அம்முறை பழுக்க வைப்பதற்கு ஏற்றது. ஆயின் முழு விளைவையும் அவ்வாறு மூடி வைத்தால் யாவும் ஒரே நாளிற் பழுத்து ஒரே நாளிற் கெடும். ஆகவே உங்கள் வீட்டில் இரண்டு இடங்கள் வேண்டும். ஒன்று காயை வைத்திருக்கும் இடம். மற்றது பழுக்க வைக்கும் இடம்.

பறிக்கும் பருவம்

முற்றாத காய் சுருங்கும், இனிக்காது. முற்றிய காயின் தோள்கள் புடைத்து, காம்படி சற்றுக் குழிந்து காணப்படும். ஒரு காயை வெட்டிப் பார்த்தால் கொட்டையை அடுத்த சதை மஞ்சள் நிறம் பற்றியிருக்கும். ஐயமிருப்பின் காயை நீரிலிட்டுப் பாருங்கள். முற்றியது பெரும்பாலும் அமிழும், முற்றாதது மிதக்கும்.

ஒரு மரத்தின் காய்கள் யாவும் ஒரே நாளில் முற்றுவதில்லை. எனவே மரத்தை ஒரே நாளில் வெறுமையாக்காது, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை முற்றியவற்றை மட்டும் பறியுங்கள். மரத்தில் நிற்கும் காய்க்கு அணில், வௌவால், பழ ஈ ஆகியவற்றால் ஆபத்துண்டு. இளங்காய்ப் பருவத்திலேயே கடதாசி உறை கட்டிவிட்டால் பழ ஈயின் தொல்லை பெரிதும் குறையும்.

பறிக்கும் முறை

காலையிற் பனி உலர்ந்தபின் பறியுங்கள். கிளையை உலுப்பிக் காயை நிலத்தில் வீழ்த்துதல் கூடாது. வீழ்ந்த காய் அன்று நன்றாகத் தோன்றினும், அடிபட்ட இடம் சில நாட்களில் மென்மையாகி அழுகும். கொக்கத்தடியின் நுனியில் வலைப்பை கட்டி, காம்பு ஓரங்குலமாயினும் காயில் நிற்கும்படி பறித்தல் வேண்டும். காம்பு ஒடிந்தாற் பால் வடிந்து தோலைக் கருக்கும். அவ்விடத்திற் கறை படிந்து பின்னர் அழுகலும் தொடங்கும். நிழலிற் கொண்டுவந்தபின் காம்பைக் குறுகக் கத்தரித்து, காயைத் தலைகீழாகத் தட்டியில் வைத்துப் பாலை வடியவிடுங்கள். பின்னர் சுத்தமான நீரிற் கழுவி, நிழலில் ஈரம் முற்றாக உலரவிடுங்கள்.

வெந்நீர்ச் சிகிச்சை

பழுத்த பழத்திற் கரும்புள்ளிகளாகத் தோன்றி அழுகச் செய்யும் அந்திரக்னோசு நோய், காய் மரத்தில் நிற்கும்போதே தோலிற் புகுந்து மறைந்திருப்பதாகும். மருந்தின்றி இதனைக் கட்டுப்படுத்த, பறித்த காயை 52 பாகை செல்சியஸ் வெந்நீரில் 5 நிமிடம் அமிழ்த்தி எடுத்து, ஆறவிட்டு உலர்த்தலாம். இதற்கு வெப்பமானி அவசியம். கைமதிப்பிற் செய்தல் ஆகாது; வெப்பம் மிகுந்தாற் காய் வெந்துவிடும், குறைந்தாற் பயனில்லை. முதலிற் சில காய்களிற் செய்து பார்த்தல் நன்று.

வைத்திருக்கும் இடம்

வெயில் படாததும் காற்றோட்டமுள்ளதுமான இடத்தைத் தெரிவு செய்யுங்கள். சீமெந்துத் தரையிற் குவிக்காது, தட்டிகள் கட்டி, காய்களை ஒன்றையொன்று முட்டாதவாறு ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். மேலே மூடவேண்டாம். வாழைக்குலை பழுக்கும் அறையில் மாங்காயை வைத்தல் கூடாது. வாழைப்பழமும் எதிலீனை வெளிவிடும்.

கூடுதலாக வைத்திருக்க விரும்புவோர், மரநிழலிற் செங்கல்லால் இரட்டைச் சுவர்த் தொட்டி ஒன்று அமைக்கலாம். இரு சுவர்களுக்கும் இடையே 3 அங்குல இடைவெளி விட்டு அதில் மணலை நிரப்பி, காலையும் மாலையும் மணலை நீரால் நனைத்து, வாயை ஈரச்சாக்கால் மூடுங்கள். நீர் ஆவியாகும்போது தொட்டியின் உட்புறம் குளிரும். சோழகம் வீசும் வரண்ட நாட்களில் இது நன்கு பயன்தரும். மழைநாளிற் பயன் குறைவு.

குளிர்ச்சாதனப் பெட்டியில் முற்றிய காயை வைத்தல் தவறு. 13 பாகை செல்சியஸுக்குக் கீழே மாங்காயின் தோல் கருகும். பின்னர் அது செவ்வையாகப் பழுக்காது. நன்கு பழுத்த பழத்தை மட்டும் சில நாட்கள் அதில் வைக்கலாம்.

பழுக்க வைத்தல்

அடுத்த சில நாட்களுக்கு வேண்டிய அளவை மட்டும் எடுத்து, புதிய உலர்ந்த வைக்கோலில் வைத்து மூடுங்கள். நனைந்த அல்லது பூஞ்சணம் பிடித்த வைக்கோல் ஆகாது. கல்சியம் காபைட்டை ஒருபோதும் உபயோகிக்க வேண்டாம். அதில் ஆசனிக்கு முதலிய நச்சுப்பொருள்கள் கலந்திருத்தல் கூடும். பழமும் நிறம் மாறுமேயன்றி இயல்பான சுவை பெறாது.

நாளாந்தப் பார்வை

மேற்கூறியவை யாவும் செய்தும், காலையிற் கால்மணி நேரம் காய்களைப் பார்வையிடாதவர் நட்டமடைவர். பழுக்கத் தொடங்கியதை வேறாக்குங்கள். அடிபட்டதை அன்றே உண்ணுங்கள், அல்லது பாணியாகக் காய்ச்சுங்கள். அழுகியதை உடனே அகற்றுங்கள். அழுகும் பழம் ஏனையவற்றையும் விரைந்து பழுக்கச் செய்யும். புழு விழுந்த பழத்தைக் குப்பையில் எறியாது 2 அடி ஆழத்திற் புதையுங்கள். எறிந்தால் அதிலிருந்து வரும் ஈக்கள் மரத்தில் எஞ்சிய காய்களைத் தாக்கக்கூடும்.

இவ்வாண்டு ஒரு மரத்தின் காய்களிலாயினும் இம்முறையைச் செய்து பாருங்கள். பறித்த காய்களின் தொகையையும் அழுகியவற்றின் தொகையையும் ஒரு கொப்பியிற் குறித்து வையுங்கள். அக்குறிப்புடன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரைச் சந்தித்தால், அடுத்த பருவத்திற்கு வேண்டிய ஆலோசனையை அவர் வழங்குவார்.