அந்த ஒரு மணி நேரம்

அன்புள்ள தம்பிக்கு,

சித்தி நேற்று போன் பண்ணினார். "கீமோ எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. இப்பப் போய் ராத்திரி தூங்காம மொட்டை மாடியில நடக்கிறான்" என்றார். வருகிற வியாழக்கிழமை பெட் ஸ்கேன் என்றும் சொன்னார். இரண்டுக்கும் உள்ள தொடர்பு அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே ஹாட்ஜ்கின் லிம்போமா கேன்சருக்கு ஆறு சைக்கிள் கீமோ முடித்துவிட்டு, இதே மாதிரி நடந்தவள் நான்.

கீமோ நடந்தபோது உனக்கு வேலை இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் ஊசி, நடுவில் ரத்தப் பரிசோதனை, வாந்திக்கு மாத்திரை, கையில் செருகிய வென்ஃப்ளான் ஊசிக்குழாயைக் கழற்றும்போது நர்ஸ் கேட்கும் நாலு கேள்வி. பயப்பட நேரமில்லை. எல்லாம் முடிந்ததும் 'நல்லாயிட்டான்' என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். தள்ளிப்போட்ட பயம் அப்போதுதான் பாக்கி வசூலிக்க வருகிறது. உனக்கு மட்டும் வந்ததல்ல இது. தொடை எலும்பில் புற்றுநோய் வந்து மீண்ட அமெரிக்க எழுத்தாளர் புரூஸ் ஃபைலர், 2011இல் டைம் பத்திரிகையில் இதைப் பற்றியே எழுதினார். 'ஸ்கேன்சைட்டி', அதாவது ஸ்கேன் பயம், என்பது அவர் சொன்ன பெயர்.

வியாழக்கிழமை நடக்கப்போவதைச் சொல்கிறேன். வெறும் வயிற்றில் போவாய். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள். கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை ஊசியில் ஏற்றிவிட்டு, ஒரு மணி நேரம்போலத் தனி அறையில் சும்மா இருக்கச் சொல்வார்கள். நடக்காதே, பேசாதே, எதையும் மெல்லாதே என்பார்கள். வேலை செய்யும் தசை அந்தச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பதுதான் காரணம். பயத்தில் கழுத்தையும் தோளையும் விறைத்துக்கொண்டிருந்தால் அந்தத் தசைகளும் படத்தில் ஒளிரலாம். குளிரில் நடுங்கினால் கழுத்தோரத்துக் கொழுப்பு ஒளிரலாம். இதைக் கேட்டு, 'ஐயோ, பயந்தால் ரிசல்ட் தப்பாகிவிடுமா' என்று புதிதாக ஒரு பயத்தைச் சேர்த்துக்கொள்ளாதே. கூடவே எடுக்கும் சி.டி. படத்தை வைத்து, இது தசை, இது கொழுப்பு, இது வேறு என்று பார்க்கிற டாக்டர் பிரித்துக்கொள்வார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான். ஆனால் அந்தப் படத்தைப் படிக்கப்போவது அரண்டவன் இல்லை.

அரண்டவள் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு என் கதையே போதும். என் ரிப்போர்ட் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனுக்கு வந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே திறந்தேன். 'டோவில் ஸ்கோர் 2' என்று இருந்தது. இரண்டாம் ஸ்டேஜ் என்று நினைத்துக்கொண்டேன். டாக்டரைப் பார்க்கத் திங்கட்கிழமை ஆனது. நடுவில் மூன்று ராத்திரி, கையில் கூகுள். லிம்போமா எங்கே எவ்வளவு ஒளிர்கிறது என்று நம் கல்லீரலோடும் நெஞ்சு ரத்தக்குழாயோடும் ஒப்பிட்டு, 1 முதல் 5 வரை போடும் மதிப்பெண்தான் டோவில் ஸ்கோர். சிகிச்சை முடிந்தபின் 1, 2, 3 எல்லாமே பொதுவாக நல்ல செய்தி. அதைச் சொல்ல டாக்டருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

ஆகவே ஸ்கேனுக்கு முன்பே மூன்று விஷயம் கேட்டுவிடு. ரிப்போர்ட் என்றைக்கு வரும், யார் விளக்கிச் சொல்வார்கள், அதற்கு அடுத்து என்ன செய்வோம். போனுக்கு வந்தாலும் டாக்டர் முன்னால் திறந்துகொள்ளலாம்.

கழுத்தைத் தடவித் தடவிப் பார்ப்பதையும் நிறுத்து. ஒரு நாளைக்கு இருபது தரம் அமுக்கினால் நல்ல கழுத்தும் வலிக்கும்; அந்த வலியே அடுத்த பயத்துக்குத் தீனி. எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று டாக்டரிடமே கேள். இரண்டு வாரமாகியும் குறையாத கட்டி, காரணம் தெரியாத காய்ச்சல், சட்டை நனையும் அளவுக்கு இரவு வியர்வை, தானாக இறங்கும் எடை ஆகியவற்றைக் கண்டால் உடனே சொல்ல வேண்டும். மற்றதை அடுத்த செக்கப்பில் கேட்க நோட்டில் எழுதி வை.

இவ்வளவுக்குப் பிறகும் தூக்கம் வராமல், படிப்பு ஓடாமல், ஸ்கேனுக்கே போகாமல் இருந்துவிடலாமா என்று தோன்றினால், மனசுக்கும் ஓர் ஆளைப் பார்க்க வேண்டும். கேன்சரையே 'கழுத்துல சின்னக் கட்டி' என்று சொல்லி மறைத்த வீடு நம்முடையது. "வெளியில தெரிஞ்சா?" என்று சித்தி தயங்குவார். நான் பேசிக்கொள்கிறேன். நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ஜிம்மி ஹாலண்ட் என்ற மனநல மருத்துவர் 1977இல் கேன்சர் நோயாளிகளின் மனசைக் கவனிக்கத் தனிப் பிரிவு தொடங்கினார். இன்றைக்கு அது 'சைக்கோ ஆன்காலஜி' என்று தனித் துறை. அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டிலும் உண்டு. போனதும் தெர்மாமீட்டர் படம் போட்ட தாளை நீட்டலாம். போன வாரம் மனக்கஷ்டம் எவ்வளவு என்று 0 முதல் 10க்குள் ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். 4 அல்லது அதற்கு மேல் என்றால் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். 'பரவாயில்லை' என்று நம் வாய் சுலபமாகச் சொல்லிவிடும். எண்ணைக் கேட்டால் அப்படித் தப்பிக்க முடியாது.

எனக்கு வாய்த்த சைக்காலஜிஸ்ட் முதல் நாள் தைரியம் எதுவும் சொல்லவில்லை. நோட்டின் நடுவில் ஒரு கோடு கிழிக்கச் சொன்னார். இடது பக்கம் 'கழுத்து வலிக்கிறது' என்று எழுதினேன். வலது பக்கம் 'திரும்ப வந்துவிட்டது' என்று எழுதினேன். "இதுல உங்களுக்குத் தெரிஞ்சது எது, நீங்களா சேர்த்தது எது?" என்றார். ஸ்கேன் படத்தில் டாக்டர் செய்கிற அதே வேலை. தினமும் சாயங்காலம் கால் மணி நேரம் அந்த நோட்டோடு உட்கார வேண்டும். மற்ற நேரம் வரும் கவலையை 'ஆறு மணிக்கு வா' என்று அனுப்ப வேண்டும். முதல் வாரம் கேலிக்கூத்தாக இருந்தது. நாலாவது வாரம் தூக்கம் வந்தது. பயம் போய்விடவில்லை. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் வருகிறது. வந்தது யார் என்று இப்போது எனக்கு அடையாளம் தெரிகிறது.

நேரில் போக நாளானால், டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416. காசு கிடையாது, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். உயிரோடு இருப்பதே பாரம் என்று எந்த ராத்திரி தோன்றினாலும், விடியட்டும் என்று காத்திருக்காதே. அவர்களைக் கூப்பிடு, அப்படியே என்னையும் எழுப்பு.

வியாழக்கிழமை ஊசி போட்ட பிறகு அந்த அறைக்குள் என்னை விடமாட்டார்கள். போர்வை கேட்டு வாங்கிக்கொள், தோளைத் தளர்த்தி உட்கார். நான் வெளியே டிபன் பாக்ஸோடு இருப்பேன். இட்லியா, பொங்கலா என்று புதன்கிழமைக்குள் சொல்லிவிடு.

அன்புடன்,
அக்கா