வாண்டுகளோடு ஒரு மே மாதம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கையோடு தம்பியையும் சித்தி மகளையும் கூட்டிக்கொண்டு தஞ்சாவூருக்கு வருகிறாய் என்று அறிந்து மனம் நிறைந்துவிட்டது. அம்மாச்சிக்கு மூட்டுவலி. தம்பிக்கு நாலு வயது, சித்தி மகள் குட்டிக்கு இரண்டு வயது, இரண்டு பேர் பின்னாலும் அவளால் ஓட முடியாது. உன் அக்காவின் பேறுகாலத்துக்காக நானும் ஊரில் இல்லை. ஆக, இந்த மே மாதம் அந்த வீட்டில் பிள்ளைகளுக்கு எல்லாமே நீதான். எங்கெல்லாம் கூட்டிப்போகலாம் என்று ஒரு பட்டியல் கேட்டிருக்கிறாய்.

பட்டியல் வேண்டாம், கண்ணம்மா. பால்வாடியில் சின்னப் பிள்ளைகளோடேயே என் காலம் போயிருக்கிறது. அதை வைத்துச் சொல்கிறேன்: இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ‘போய்ச் சேரும் இடம்’ என்று ஒன்று கிடையாது. வாசற்படி தாண்டியதும் அவர்களுக்கு ஊர் சுற்றல் தொடங்கிவிடும். சுவரோரம் எறும்புச் சாரி, தெருக்குழாயில் சொட்டும் தண்ணீர், எதிர்வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் ஆடு, எல்லாமே நின்று பார்க்க வேண்டியவை. நாம்தான் ‘நேரமாச்சு’ என்று கையைப் பிடித்து இழுத்துப் போகிறோம். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி. பெரியவர்கள் ஓர் இடத்துக்குப் போக நடக்கிறார்கள், குழந்தை நடப்பதற்காகவே நடக்கிறது என்பதை அவர் பொறுமையாகக் கவனித்து எழுதியிருக்கிறார். நீயும் உன் தம்பியோடு தெருமுனைவரை அவன் வேகத்தில் ஒருமுறை நடந்து பார், அது எவ்வளவு உண்மை என்று தெரியும். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். அந்த இடத்துக்குப் போகும் வழிக்கும் நேரம் ஒதுக்கு.

முதலில் வெயில். மே 4 வாக்கில் தொடங்கிக் கடைசி வாரம்வரை கத்திரி இருக்கும். காலை பத்தரைக்கு மேல் மாலை நாலரைவரை இரண்டு பேரையும் வெளியே கொண்டுபோகாதே. யார் கூப்பிட்டாலும் போகாதே. சின்ன உடம்பு நம் உடம்பைவிட வேகமாகச் சூடேறும். தாகம் எடுத்தாலும் விளையாட்டு மும்முரத்தில் கேட்க மாட்டார்கள். நீயாகவே அடிக்கடி இரண்டு மடக்கு தண்ணீரோ மோரோ கொடு. பிள்ளை துவண்டு போனாலும், வெகுநேரமாக ஒன்றுக்குப் போகாமல் இருந்தாலும், உடம்பு கொதித்தாலும் கைவைத்தியம் செய்துகொண்டு காத்திருக்காதே. உடனே தாத்தாவிடம் சொல். நிழலுக்குக் கொண்டுவந்து, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அம்மாச்சியின் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்து டப்பாவில் இருக்கிறது. அது தீர்ந்துபோயிருந்தால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். அளவு கூடக் குறைய வேண்டாம்.

இனி, பெரிய கோயில். எல்லோரும் உன்னை அங்கே போகச் சொல்வார்கள், நானும் சொல்கிறேன். ஆனால் மாலையில் போ. உச்சிவேளையில் அந்தக் கல்தரையில் செருப்பில்லாத பிஞ்சுக்கால் பொத்துப்போய்விடும். விமானம் 216 அடி, ராஜராஜன் 1010இல் கட்டி முடித்தான் என்பதெல்லாம் நாலு வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் சொல்லாது. கழுத்தை நிமிர்த்தி ஒரு நொடி பார்ப்பான், பிறகு அணிலைத் துரத்துவான். துரத்தட்டும். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று அங்கே யாராவது கட்டாயம் சொல்வார்கள். மாலையில் வெயில் மேற்கே இறங்க இறங்க, அந்த நிழல் கிழக்கே நந்தியிருக்கும் பக்கமாக நீண்டுகொண்டே போவது கண்ணெதிரே தெரியும். தம்பியை நிழலின் விளிம்பில் நிறுத்து. ஒரு கால் வெயிலில், ஒரு கால் நிழலில். எந்தக் கால் சுடுகிறது என்று கேள். அவன் நின்ற இடத்தில் ஒரு சின்னக் கல்லை வை. கொஞ்ச நேரம் ஓடி விளையாடிவிட்டுத் திரும்பி வந்து பாருங்கள், கல்லைத் தாண்டி நிழல் போயிருக்கும். யாரோ சொன்னதை அப்படியே நம்பாமல் தானே பார்த்துத் தெரிந்துகொள்வது என்றால் என்ன என்று ஒரு பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அங்கே இன்னொன்றும் இருக்கிறது. விமானத்தின் அடியைச் சுற்றி வரிவரியாக எழுத்து வெட்டியிருப்பதைப் பார்ப்பாய். தம்பி இப்போதுதான் எழுத்துக் கூட்டுகிறான் அல்லவா? ப, ட போன்ற எழுத்துகள் இன்றைய வடிவத்துக்கு மிக நெருக்கமாகவே இருக்கும். கல்லைத் தொடாமல், கண்ணாலேயே ஒரு ‘ப’வைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல். கண்டுபிடித்துவிட்டால் குதிப்பான். அப்போது சொல்: இந்தக் கோயிலுக்குத் தான் கொடுத்ததை மட்டும் அல்ல, தன் அக்கா கொடுத்ததையும் கல்லில் வெட்டி வைக்கச் சொன்னான் ராஜராஜன். அந்த அக்கா குந்தவை. அக்கா கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு இந்த ஒரு சேதி போதும். அதற்குமேல் அன்றைக்குச் சரித்திரம் வேண்டாம்.

அடுத்து நான் மனதார விரும்பிச் சொல்வது திருவையாற்று பஸ். பழைய பேருந்து நிலையத்தில் நகரப் பேருந்தில் ஏறு. சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 முதல் பெண்களுக்குக் காசு கிடையாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் டிக்கெட் வேண்டாம். மாமாவை மட்டும் டிக்கெட் எடுத்துக்கொண்டு கூட வரச்சொல். ஏன் மாமா வேண்டும் என்று பிறகு சொல்கிறேன். வழியில் ஒவ்வொரு பாலமாக வரும். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. அந்த ஐந்து ஆறுகளைத்தான் ஊரின் பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு பாலத்துக்கும் தம்பி ஒரு விரலை மடக்கட்டும். ஒரு கை மூடியதும் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும். குட்டிக்கு எண்ணத் தெரியாது, பாலம் வரும்போதெல்லாம் ‘ஆறூஊ’ என்று கத்துவாள். கத்தட்டும். பக்கத்து சீட்டுக்காரர்கள் சிரித்துக்கொள்வார்கள், தஞ்சாவூர்க்காரர்கள் இதற்கெல்லாம் முகம் சுளிப்பவர்கள் அல்ல.

மே மாதத்தில் பெரும்பாலும் காவிரியில் மணல்தான் இருக்கும். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12; அதற்கும் சில நாள் கழித்துத்தான் இந்தப் பக்கம் தண்ணீர் எட்டும். அதனால் ஆறு வறண்டு கிடக்கிறதே என்று நீ வருத்தப்படாதே. பிள்ளைகளுக்கு மணலைவிடப் பெரிய விளையாட்டுச் சாமான் இல்லை. மேலே சுடும் மணலைக் கையால் ஒதுக்கினால் அடியில் ஈரம், இன்னும் கொஞ்சம் தோண்டினால் சில இடங்களில் ஊற்று சுரக்கும். ஆறு மேலே காய்ந்தாலும் மணலுக்கடியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்பதைக் கையே அவர்களுக்குச் சொல்லிவிடும். குழி, பிள்ளையின் முழங்காலுக்கு மேல் ஆழம் போகக் கூடாது, மணல் சரியும்.

மாமா எதற்கு என்றால், ஆற்றில் மணல் அள்ளிய பள்ளங்கள் இருக்கும். அதில் தண்ணீர் தேங்கி நிற்கும், ஆழம் தெரியாது. தண்ணீர் இருக்கும் இடத்தில் சின்னப் பிள்ளை எப்போதும் ஒரு பெரியவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், கண்ணுக்கெட்டும் தூரம் போதாது. மூழ்கும் குழந்தை கத்துவதில்லை, கண்ணம்மா. சத்தமே இல்லாமல் முடிந்துவிடும். இரண்டு பிள்ளைக்கு இரண்டு ஆள் இல்லாமல் ஆற்றுப்பக்கம் போகவே கூடாது. வீட்டுக் கொல்லையில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும், குளியலறை வாளிக்கும்கூட இது பொருந்தும்; இரண்டு வயதுக் குழந்தைக்கு அரை வாளித் தண்ணீர் போதும் ஆபத்துக்கு.

ஒருநாள் காலையில் கும்பகோணம் பாசஞ்சர் ரயிலில் போய் வாருங்கள். கும்பகோணத்தில் ஒன்றும் பார்க்க வேண்டாம். ரயிலே போதும். பசுபதிகோயில், ஐயம்பேட்டை, பாபநாசம், சுவாமிமலை, தாராசுரம் என்று நின்று நின்று போகும். நிற்கும் இடமெல்லாம் புதுசாக ஒரு ஆள் ஏறுவார், ஒரு கூடை ஏறும். ஜன்னல் கதவு நழுவி விரலில் விழும், அதை மட்டும் மேலே கொக்கி மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்கார்.

தின்பண்டம் பற்றி ஒரு வார்த்தை. நுங்கு கிடைக்கும் காலம். தோலை உரித்து, குட்டிக்குச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கிக் கொடு. முழு நிலக்கடலை, முழு திராட்சை, கடினமான மிட்டாய் ஆகியவற்றை இரண்டு பேர் கையிலும் கொடுக்காதே, தொண்டையில் அடைக்கும். ஓடும்போது எதையும் வாயில் போட விடாதே.

வெளியே போகாத நேரம்தான் அதிகம் இருக்கும். அந்த நேரத்தை எப்படி ஓட்டுவது என்று நீ கவலைப்பட்டிருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நினைக்காதே, அவர்களுக்கு வேலை கொடு. அம்மாச்சி விடியற்காலையில் மொட்டைமாடியில் வற்றல் பிழிவாள். காக்கை விரட்டும் உத்தியோகத்தைத் தம்பிக்குக் கொடு, வெயில் ஏறுமுன் கீழே இறக்கிவிடு. கீரை ஆய்வது, துவைத்த துணியில் சின்னதை எல்லாம் பிரித்து மடிப்பது, செம்பில் தண்ணீர் மொண்டு துளசிக்கு ஊற்றுவது. குட்டி பாதியைத் தரையில் கொட்டுவாள், துடைக்கும் துணியையும் அவளிடமே கொடு. நிஜமான வேலையில் தன் கையும் சேர்ந்தது என்ற பெருமை அந்த வயதில் எவ்வளவு பெரியது என்று அவள் முகத்திலேயே பார்ப்பாய். புளி குத்தும் இடத்தில் மட்டும் விடாதே, புளியங்கொட்டை மூக்குக்குள் போய்விடும். பால்வாடியில் எங்களுக்கு அது பெரிய பயம்.

கொல்லைச் சுவரோரம், மழை படாத புழுதியில் சின்னச் சின்னப் புனல் மாதிரிக் குழிகள் இருக்கும். அது குழியானையின் வீடு. ஓர் எறும்பு சறுக்கி விழுந்தால் அடியிலிருந்து மணல் தெறிக்கும், பார்த்திருக்கிறாயா? ஒன்றை மெல்ல எடுத்து உள்ளங்கையில் மண்ணோடு விட்டால் பின்பக்கமாகவே நடக்கும். தும்பியைப் போலச் சிறகு முளைத்துப் பறக்கப்போகும் பூச்சியின் இளம்பருவம் அது. பார்த்த பிறகு எடுத்த இடத்திலேயே விடச் சொல். மதியத் தூக்கத்துக்கு முன் இந்தக் குழிகளின் பக்கத்தில் மூன்று பேரும் குந்தி உட்கார்ந்திருந்தால் போதும், யாரும் செல்போன் கேட்க மாட்டார்கள். உன் செல்போனையும் அப்போது உள்ளே வைத்துவிடு. ஒரு படம் எடுத்துக்கொள், அதற்குமேல் எடுக்க நினைத்தால் நீ பார்க்காமல் போய்விடுவாய்.

கிளம்பும் நேரத்து அழுகைக்கு வழி கேட்டிருந்தாயே. ‘இன்னும் அஞ்சு நிமிஷம்’ என்றால் அவர்களுக்கு விளங்காது. சிவகங்கைப் பூங்காவுக்குப் போனால் ‘இன்னும் மூணு தடவை சறுக்கிட்டுக் கிளம்பலாம்’ என்று சொல். ஒவ்வொரு முறையும் கூடவே எண்ணு. மூன்று என்றால் மூன்றுதான், கெஞ்சினாலும் நாலாவது கிடையாது. அதேபோல் நீ கொடுத்த வாக்கையும் மாற்றாதே. பசியும் தூக்கமும் வருவதற்கு முன்பே கிளம்பிவிடுவது நல்லது. நன்றாக விளையாடிக்கொண்டிருக்கும்போதே கிளம்புகிறோமே என்று உனக்குத் தோன்றும். அதுதான் சரியான நேரம். அப்படியும் அழுதால் அதட்டாதே, பத்துப் பேர் பார்க்கிறார்களே என்று கூசாதே. ஓரமாகத் தூக்கிக்கொண்டு போய் மடியில் வைத்துக்கொள். அழுது முடிப்பார்கள்.

இரவில் ‘இன்னைக்கு என்ன கத்துக்கிட்டே’ என்று கேட்காதே. நீ பார்த்ததை நீ சொல், அவர்கள் பார்த்ததை அவர்களே நடுவில் புகுந்து சொல்வார்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன மாதிரியே, திருத்தாமல், தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வை. அந்தப் பேச்சு ஒரு வருஷத்துக்குள் மாறிவிடும், பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பிள்ளைகள் உருட்டி விளையாட நுங்கு வண்டி செய்து தரும்படி மாமாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். நுங்கு எடுத்த கூந்தல் இரண்டு, நடுவில் கோத்து இணைக்க ஒரு சின்னக் குச்சி, தள்ளிக்கொண்டு போக நுனி கவையாகப் பிரிந்த நீளக் கம்பு. கம்பைத் தம்பியின் மார்பு உயரத்துக்கு வெட்டச் சொல், முனையைக் கல்லில் தேய்த்து மழுக்கிவிடு. குட்டிக்கும் தனியாக ஒன்று கட்டாயம் செய்ய வேண்டும். அவளால் தள்ள முடியாது, கட்டி இழுக்க ஒரு கயிறு போதும். நோட்டில் எழுதியதை எல்லாம் வாரம் ஒருமுறை எனக்குக் கடிதமாக அனுப்பு.

அன்புடன்,
பெரியம்மா