அன்னா ஆப்பிள்: தேர்வு, வளர்ப்பு, பயன்

ஆப்பிள் என்றவுடன் காஷ்மீரமும் இமாசலப் பிரதேசமுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆயினும் குளிர் குறைந்த இடங்களிலும் காய்க்கக்கூடிய சில ரகங்கள் உலகில் உண்டு. அவற்றின் கன்றுகள் இப்பொழுது நம் நாட்டின் பல பகுதிகளிலும் விற்பனைக்கு வருகின்றன. அவற்றுள் முதன்மையானது ‘அன்னா’ என்னும் ரகமாகும். ஆப்பிள் மரம் பயன் தருவதற்கு மூன்று, நான்கு ஆண்டுகள் செல்லும். அத்தனை காலம் நிலத்தையும் முதலையும் ஒதுக்க எண்ணும் மலைப்பகுதி விவசாயிகள், இதன் இயல்பை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

குளிரின் கணக்கு

ஆப்பிள் இலையுதிர்க்கும் மரம். இலைகள் உதிர்ந்ததும் அதன் மொட்டுகள் உறங்கிவிடுகின்றன. குறிப்பிட்ட அளவு குளிரைப் பெற்ற பின்னரே அவை விழிக்கும். வெப்பநிலை 7 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறைந்திருக்கும் நேரத்தை மணிக்கணக்கில் கூட்டி இவ்வளவைக் கணிப்பது வழக்கம். இமாசலத்தில் பயிராகும் ராயல் டெலிஷியஸ் போன்ற ரகங்களுக்கு ஏறத்தாழ 1,000 மணி நேரக் குளிர் வேண்டும். அது கிடைக்காவிடில் மொட்டுகள் ஒருசேர விரியா. பூக்கள் வாரக்கணக்கில் ஒன்றிரண்டாகத் தோன்றிக் காயாகாமல் உதிரும்.

அன்னாவிற்கோ 200 முதல் 300 மணி நேரமே போதுமானது. 1950களில் இஸ்ரேல் நாட்டின் ஐன் ஷெமர் என்னும் கூட்டுப் பண்ணையில், அபா ஸ்டைன் என்பவர் ரெட் ஹடாசியா, கோல்டன் டெலிஷியஸ் ஆகிய இரண்டையும் இணைத்து இதனை உருவாக்கினார்.

கிழக்கு ஜாவா தரும் பாடம்

இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் பத்து என்றொரு மலையூர் உள்ளது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே சுமார் 8 பாகையில் அமைந்த அவ்வூரில் குளிர்காலம் என்பதே இல்லை. ஆயினும் அங்குள்ள குடியானவர்கள் ரோம் பியூட்டி, மனலாகி, அன்னா ஆகிய ரகங்களைப் பயிரிட்டு, ஆண்டில் இருமுறை பழம் பறித்து வந்தனர். அறுவடை முடிந்த சில வாரங்களில் இலைகள் அனைத்தையும் கையால் உருவிவிடுவதே அவர்கள் கண்ட உபாயம். மொட்டுகள் ஆழ்ந்த உறக்கத்தில் ஆழுமுன் இலை நீங்குவதால் அவை உடனே துளிர்த்துப் பூக்கின்றன. கிளைகளை வளைத்துக் கட்டுவதும் இதற்குத் துணை செய்கிறது.

அதே ஊரில் அண்மைக் காலத்தில் வெப்பம் கூடியதாலும், மண் வளம் குன்றியதாலும், மரங்கள் முதுமையடைந்ததாலும் விவசாயிகள் பலர் ஆப்பிளை அகற்றி ஆரஞ்சுக்கு மாறிவிட்டனர். இலையை உருவி மரத்தை விழிக்கச் செய்யலாம். ஆனால் மரத்திடமிருந்து இரட்டை மகசூல் பெறுபவர் மண்ணுக்கும் இரட்டிப்பாகத் திருப்பியளித்தல் வேண்டும். இதனை நாம் மறக்கலாகாது.

இடம் தெரிதல்

குளிர் குறைவாகப் போதும் என்பதனால் சமவெளியில் எங்கும் நடலாம் என்று கொள்ளற்க. சற்றும் குளிராத ஊரில் அன்னாவும் தடுமாறும். மிக உயர்ந்த இடங்களில் வேறொரு தொல்லை உண்டு. குளிர்த் தேவை விரைவில் நிறைவுறுவதால் அன்னா முன்கூட்டியே பூத்துவிடும். அப்பொழுது உறைபனி விழுந்தால் பூக்கள் கருகும். குளிர்ந்த காற்று கீழே வழிந்து தேங்கும் பள்ளங்களை விடுத்து, காற்றோட்டமுள்ள சரிவுகளைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் அப்பகுதிக்கெனத் தேர்ந்தளித்த பார்லின்ஸ் பியூட்டி, அதாவது கே.கே.எல்.1, என்ற ரகத்தையும் அம்மலை விவசாயிகள் ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.

துணை மரம்

அன்னா தன் மகரந்தத்தால் ஓரளவே காய்க்கும். நிறைவான மகசூலுக்கு, அதே காலத்தில் பூக்கும் வேறொரு ரகம் அருகில் இருத்தல் வேண்டும். பஹாமாஸ் தீவுகளில் தோன்றிய டார்செட் கோல்டன் இதற்கு ஏற்றது. மூன்று வரிசைக்கு ஒரு வரிசையில், மூன்றாவது மரந்தோறும் இதனை நட்டால் எட்டு அன்னாவிற்கு ஒரு துணை மரம் அமையும். மகரந்தத்தை எடுத்துச் செல்பவை தேனீக்கள். ஆகவே தோட்டத்தில் தேனீப்பெட்டிகள் வைப்பதும், பூக்கும் காலத்தில் பூச்சிமருந்து தெளிக்காதிருப்பதும் இன்றியமையாதன.

கன்றும் நடவும்

விதையிலிருந்து எழும் ஆப்பிள் தாயைப் போல் இராது. எனவே ஒட்டுக் கன்றையே வாங்குக. எந்த வேர்ச்செடியில் ஒட்டப்பட்டது என்பதையும் கேட்டறிக. எம்.எம்.106, எம்.எம்.111 ஆகிய இரண்டும் வேரைத் தாக்கும் கம்பளி அசுவினியை எதிர்ப்பவை. நீர் தேங்கும் மண்ணில் 106க்கு அடித்தண்டு அழுகல் நேரும். 111 வறட்சியைச் சற்றுத் தாங்கும். ரகமும் வேர்ச்செடியும் இன்னவை என எழுதிக் கொடுக்காத விற்பனையாளரிடம் கன்று வாங்காதிருத்தலே மேல்.

மரம் உறங்கும் குளிர்காலமே நடவிற்குரிய பருவம். 4 மீட்டர் இடைவெளியில் குழியெடுத்து, மக்கிய தொழு உரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்புக. ஒட்டுப் பகுதி தரைக்கு நான்கு விரற்கடை மேலே நிற்றல் வேண்டும். அது மண்ணில் புதையுமாயின் மேற்செடியே வேர்விட்டு, வேர்ச்செடியின் பயன் வீணாகும்.

ஆண்டுதோறும் உறக்க காலத்தில் கவாத்து செய்து, மரத்தின் நடுவே வெயிலும் காற்றும் புகுமாறு வைத்தல் வேண்டும். பிஞ்சுகள் நெல்லிக்காய் அளவாகும்பொழுது கொத்துக்கு ஒன்றை விட்டு ஏனையவற்றைக் கிள்ளிவிடுக. இதனால் பழம் பருக்கும். அடுத்த ஆண்டும் மரம் தவறாது பூக்கும்.

அறுவடையும் பயனும்

அன்னா ஜூன் மாதத்தையொட்டிப் பழுக்கும். வட மாநிலங்களின் பழம் பெருமளவில் சந்தைக்கு வருமுன்னரே இது வருவது பெரும் அனுகூலம். ஆனால் தென்மேற்குப் பருவமழை மிகும் சரிவுகளில், பழுக்கும் தறுவாயில் மழை விழுந்து சொறி நோய்க்கு வழிகோலும்; இதனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பழத்தின் அடிநிறம் பச்சையிலிருந்து மஞ்சளாக மாறி, மேலே சிவப்புப் படர்ந்து, சற்றுத் தூக்கியதும் காம்பு விலகினால் அதுவே பறிக்கும் பக்குவம்.

இனிப்பும் புளிப்பும் கலந்த இப்பழம் நெடுநாள் சேமிப்பிற்கு ஏற்றதன்று. விரைவில் விற்றுவிடுதல் வேண்டும். அடிபட்ட பழங்களை ஜாம் செய்யலாம். வட்டமாக நறுக்கி, எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் நனைத்து உலர்த்தலாம். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு இது தக்கதொரு தொழில். ஆப்பிளைக் காரட்டுடன் ஒரே அறையில் வைக்கலாகாது. பழத்திலிருந்து எழும் எத்திலீன் வாயுவால் காரட்டு கசந்துபோகும்.

ஊராட்சியின் பணி

கன்று வாங்குமுன் ஒரு குளிர்காலம் முழுவதும் ஊரின் வெப்பநிலையைக் குறித்து வைத்தல் முதற்பணி. மேடு, சரிவு, பள்ளம் ஆகிய மூன்று இடங்களில் வெப்பமானி அமைத்து, பள்ளி மாணவர்களைக் கொண்டு நாள்தோறும் பதிவு செய்யலாம். இதற்கு ஆகும் செலவு சிறிது. ஒரு தவறான தோட்டத்தால் நேரும் நஷ்டம் பெரிது. அடுத்து, ஊராட்சியின் பொது நிலத்தில் ஒன்பது மரங்களை மேற்சொன்ன முறைப்படி நட்டு நான்கு ஆண்டுகள் கவனிக்கலாம். அவை பூப்பதையும் காய்ப்பதையும் ஊரார் கண்ணாரக் கண்ட பின்னர், விவசாயிகள் தத்தம் நிலத்தில் நடுவதே முறை. அதுவரை இருக்கும் காப்பியையும் பேரிக்காயையும் காய்கறியையும் ஆப்பிளுக்காக அழித்தல் வேண்டா.