நீரிழிவும் ஊரார் பேச்சும்

முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற தூத்துக்குடிக் கரையோரத்தில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டில் கடைசியாக நடைபெற்றது. எனினும், உடலை வருத்தி உழைக்கும் மக்கள் இக்கரையில் இன்றும் குறைந்து விடவில்லை. சங்கு குளிப்போர், வள்ளத்திலும் விசைப்படகிலும் மீன் பிடிப்போர், உப்பளத்தில் உப்பு வாருவோர், பனையேறுவோர், துறைமுகத்தில் சுமை தூக்குவோர், தேரி மண்ணில் முருங்கையும் வாழையும் பயிரிடுவோர் எனப் பல தொழிலினரும் இங்கே வாழ்கின்றனர். நமது வட்டாரத்துக் கிராமங்களில் இவர்களிடையே பழகி வருங்கால், நீரிழிவு நோயைக் காட்டிலும் அந்நோயைப் பற்றிய ஊரார் பேச்சே நோயாளிகளைப் பெரிதும் வாட்டுவதைக் காண்கிறோம். அப்பேச்சுகளுள் சிலவற்றை ஆராய்ந்து, பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அவற்றுக்கு எவ்வாறு விடை கூறலாம் என்பதை இங்கே எழுதுகிறோம்.

"அது பணக்காரர் வியாதி, வெயிலில் உழைக்கிறவனை அண்டாது" என்பது அவற்றுள் முதலாவது. ஒரு காலத்தில் இதில் ஓரளவு உண்மை இருந்திருக்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் நடந்த ஆய்வு வேறு விதமாகக் கூறுகின்றது. 2017-ல் வெளியான அதன் முடிவுகளின்படி, பொருளாதாரத்தில் முன்னேறிய மாநிலங்களின் நகரங்களில் வசதி படைத்தோரைவிட ஏழைகளிடமே நீரிழிவு மிகுதியாகக் காணப்பட்டது. 2023-ல் வெளியான முடிவுகளோ, நாட்டில் நீரிழிவு உள்ளோர் 10 கோடிக்கு மேல் என்றும், அந்நோயின் வாசலில் நிற்போர் 13 கோடிக்கு மேல் என்றும் கணக்கிட்டன. உழைப்பு ஒரு காவலே, ஐயமில்லை. ஆனால் உழைப்பும் ஒரே அளவில் நிற்பதில்லை. மழைக்காலம் வந்துவிட்டால் உப்பளங்கள் நீரில் மூழ்கிச் சில மாதங்கள் வேலையின்றிக் கிடக்கின்றன. வேலை நின்றாலும் தட்டில் விழும் சோற்றின் அளவு குறைவதில்லை. பெற்றோர் வழியும் இதில் உண்டு.

அடுத்து, இனிப்பு தின்றதால்தான் நோய் வந்தது என்று நோயாளியைக் குற்றவாளியாக்கும் பேச்சு. நாம் உண்ணும் சோறு, இட்டலி, கிழங்கு யாவும் குடலிலே சர்க்கரையாக மாறியே இரத்தத்தில் கலக்கின்றன. அச்சர்க்கரையை உடலின் அணுக்களுக்குள் செலுத்தும் திறவுகோல், கணையத்தில் சுரக்கும் இன்சுலின் ஆகும். திறவுகோல் போதாமற் போனாலோ, பூட்டு அதற்கு இணங்காமற் போனாலோ சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கி நிற்கின்றது. இதுவே நீரிழிவு. மிகுதியான இனிப்பு உடலைப் பருக்கச் செய்து நோய்க்கு வழி கோலும் என்பது மெய். ஆயினும், வாழ்நாளில் மிட்டாய்க் கடைப் பக்கமே போகாதவர்க்கும் இந்நோய் வருகின்றது.

இனி, நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு தவறான எண்ணத்தைச் சற்று விரிவாகப் பேச வேண்டும். அது கருப்பட்டியைப் பற்றியது. உடன்குடிக் கருப்பட்டியின் பெருமையை நாம் அறிவோம். பனைத்தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் பல. அத்தொழில் செழிக்க வேண்டும் என்பதிலும் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால், "சீனிதான் கெடுதல், கருப்பட்டி எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், சர்க்கரை ஏறாது" என்று ஊரெங்கும் சொல்லப்படுவது பிழை. பதநீரைக் காய்ச்சிப் பதமாக இறக்கி அச்சில் ஊற்றிக் கருப்பட்டி எடுக்கிறோம். பதநீரின் இனிப்புக்குக் காரணமான பொருளும் கரும்புச் சாற்றின் இனிப்புக்குக் காரணமான பொருளும் ஒன்றேயாம். கருப்பட்டியில் முக்கால் பங்குக்கு மேல் அதே சர்க்கரைதான். சீனியில் இல்லாத தாதுப்பொருள்கள் சில அதில் தங்கியிருக்கின்றன. அதனால் நல்ல உடல்நிலை உடையவருக்கு அது சீனியினும் மேலானது என்று கூறுவதில் தவறில்லை. நீரிழிவு உள்ளவருக்கோ, கருப்பட்டிக் காப்பியும் சீனிக் காப்பியும் இரத்தத்திலே செய்யும் வேலை ஏறத்தாழ ஒன்றுதான். காலையில் குடிக்கும் ஒரு தம்ளர் பதநீரில் ஐந்து தேக்கரண்டிச் சீனிக்கு ஒப்பான இனிப்பு கரைந்து நிற்கின்றது. தேன், நாட்டுச் சர்க்கரை ஆகியவற்றுக்கும் இவ்விடையே பொருந்தும்.

அரிசியை விட்டுக் கோதுமைக்கு மாறினால் போதும் என்று எண்ணுவோரும் உளர். ஆறு சப்பாத்தி உண்பவர் அரிசியிலிருந்து தப்பிவிட்டாரேயன்றி மாவிலிருந்து தப்பவில்லை. கேழ்வரகுக் கூழும் அளவு மீறினால் அவ்வாறே. நம் கரையில் மீனுக்குக் குறைவில்லை. சாளையும் நெத்திலியும் விலை மலிவாகக் கிடைக்கும் நாட்களும் உண்டு. தட்டில் சோற்றைக் குறைத்து, மீனையும் கீரையையும் அவரைக்காயையும் கூட்டிக் கொண்டாலே பெரும்பகுதி வேலை முடிந்தது. பாகற்காய்ச் சாறும் வெந்தயமும் உணவாகச் சேரலாம். மாத்திரைக்கு மாற்றாக அவற்றை நம்பி மருந்தை நிறுத்துவது ஆபத்து.

ஊரார் அறியாமையால் உயிருக்கே கேடு நேரக்கூடிய நிலை ஒன்று உண்டு. அதனை ஒவ்வொரு பஞ்சாயத்து அங்கத்தினரும் நன்கு மனத்தில் இருத்த வேண்டும். நீரிழிவுக்கான சில மாத்திரைகளையோ இன்சுலினையோ எடுத்துக் கொண்டவர், நேரத்தில் உண்ணாமல் கடுமையாக உழைப்பாராயின் இரத்தச் சர்க்கரை அளவுக்குக் கீழே இறங்கிவிடும். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் கீழ் போனால் அது தாழ்நிலை. அப்போது உடல் நடுங்கும், வியர்த்துக் கொட்டும், நாக்குக் குழறும், கால் தள்ளாடும், சிலர் காரணமின்றிச் சினந்து பேசுவர். உப்பள வரப்பிலோ கடற்கரை மணலிலோ இவ்வாறு ஒருவர் தள்ளாடினால் ஊரார் என்ன சொல்வர்? "பட்டப்பகலிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறான்" என்று ஒதுங்கிப் போவர். ஒதுங்கிப்போன அந்த அரைமணி நேரத்தில் அவர் நினைவிழந்து விடக்கூடும்.

அப்போது செய்ய வேண்டியது மிக எளிது. மூன்று தேக்கரண்டிச் சீனியை நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்தும் தெளியாவிடில் மறுபடி கொடுக்க வேண்டும். தெளிந்தவுடன் உணவு உண்ணச் செய்ய வேண்டும். நினைவு இழந்தவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது; மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். உடனே 108 வண்டியை அழைத்தல் வேண்டும். கடலுக்குச் செல்வோர் சீனிப் பொட்டலம் ஒன்றை நனையாத டப்பாவில் படகில் வைத்திருப்பது நலம்; அது கிட்டாவிடில், மேலே நாம் குறை கூறிய அதே கருப்பட்டியின் ஒரு துண்டு அங்கே மருந்தாகும். சர்க்கரை நோயாளி சீனி தின்கிறாரே என்று அந்நேரத்தில் கையைப் பிடித்துத் தடுப்பவர் நண்பரல்லர்.

மருந்தைப் பற்றிய பேச்சுக்கு வருவோம். "மாத்திரை தின்று தின்றுதான் சிறுநீரகம் கெட்டது" என்று திண்ணைதோறும் கேட்கிறோம். பத்து ஆண்டு மாத்திரை உண்ட ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதானதைக் கண்டவர்கள், மாத்திரையின் மேல் பழியைப் போட்டுவிடுகின்றனர். அப்பத்து ஆண்டுகளில் அவர் எத்தனை நாள் மாத்திரையை விட்டார், சர்க்கரை எந்த அளவில் நின்றது என்பதை எவரும் கேட்பதில்லை. இங்கிலாந்து நாட்டில் புதிதாக நீரிழிவு கண்ட 5,102 பேரை வைத்து நடத்திய நெடிய ஆய்வின் முடிவு 1998-ல் வெளியாயிற்று. மருந்துகளால் சர்க்கரையை நெருக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் முதலிய இடங்களில் உள்ள நுண் குழாய்களின் கேடு நூற்றுக்கு 25 பங்கு குறைந்தது என்பதே அம்முடிவு. சிறுநீரகத்தைக் கெடுப்பது தேங்கி நிற்கும் சர்க்கரையும், அதனோடு சேர்ந்த இரத்தக் கொதிப்புமேயாகும். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்தவர்களுக்கு மருத்துவர் சில மருந்துகளின் அளவைக் குறைப்பதும் மாற்றுவதும் உண்டு. அது வேறு செய்தி.

இன்சுலின் ஊசி என்றாலே "இனி அவ்வளவுதான்" என்று சாவுக்கு நாள் குறிப்பது போலப் பேசுகின்றனர். வரலாறு நேர்மாறானது. 1921-ல் கனடா நாட்டின் டொரன்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில், சாவின் வாயிலில் கிடந்த லியோனார்டு தாம்ஸன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதல் செலுத்தப்பட்டது. அச்சிறுவன் பின்னும் 13 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தான். ஆண்டுகள் பல சென்ற நீரிழிவில் கணையம் களைத்துப் போவது இயல்பு; களைத்துப் போனதை ஈடு செய்வதே ஊசியின் பணி. அது போதைப் பழக்கம் அன்று. அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகவே கிடைக்கின்றது. குளிர்பெட்டி இல்லாத வீட்டில், பெரிய மண்பானையில் நீரூற்றி அதனுள் சிறு கலயம் வைத்து, நிழலில் மருந்தைக் காக்கலாம். மீனவர் வீடுகளில் ஐஸ்கட்டிக்குப் பஞ்சமில்லை என்பதால் ஒரு எச்சரிக்கையும் தேவை: குப்பியை நேரே ஐஸ்மேல் வைத்தல் ஆகாது. ஒருமுறை உறைந்துபோன இன்சுலின் பயன்படாது.

குழந்தைகளுக்கு வரும் நீரிழிவு பெரும்பாலும் வேறு வகை. உடலின் காவற்படையே தவறுதலாகக் கணையத்தின் இன்சுலின் அணுக்களை அழித்துவிடுவதால் அது வருகின்றது. தாய் மிட்டாய் வாங்கிக் கொடுத்ததன் பயன் அன்று. அக்குழந்தைக்கு ஊசி ஒருநாளும் நிற்கக் கூடாது, "பிஞ்சு உடம்பில் ஊசியா?" என்று இரங்கிப் பேசி, பாட்டி வைத்தியத்துக்குத் திருப்பிவிடும் உறவினர் சில நாட்களில் அக்குழந்தையின் உயிரைப் பறித்தவராவர். வகுப்பு நடுவே பிஸ்கட் உண்ண ஆசிரியர் இசைவு தர வேண்டும். அத்தகைய பெண் வளர்ந்து மணம் செய்யலாமா, மகப்பேறு அடையலாமா என்று கேட்போருக்கு, தக்க கண்காணிப்புடன் இரண்டும் இயலும் என்பதே மருத்துவம் தரும் விடை.

உப்பளம் உள்ள ஊராட்சிகளுக்குக் கால் பற்றிய பகுதி முக்கியமானது. பல்லாண்டு நீரிழிவில் பாதத்து நரம்புகள் உணர்ச்சி இழக்கின்றன. உப்புப் பரல் கிழித்ததும், சிப்பியோடு வெட்டியதும் தெரிவதில்லை. வலி இல்லை, ஆகையால் புண் இல்லை என்று நினைத்து அடுத்த நாளும் பாத்தியில் இறங்குகிறார். "உப்புத் தண்ணீர் பட்டால் புண் ஆறும்" என்ற ஊர்ப் பேச்சு அவருக்குத் துணை செய்கின்றது. மாதம் கழித்து விரலை எடுக்க நேர்ந்தால், "கத்தி வைத்ததால்தான் மேலே ஏறிற்று" என்பர். மாலையில் விளக்கடியில் அமர்ந்து இரு பாதங்களையும், விரல் இடுக்குகளையும் பார்த்தல் வேண்டும். குனிய இயலாதவர் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், அல்லது வீட்டிலுள்ளோர் பார்க்கலாம். பாத்தியில் ரப்பர் காலணி அணிவதும், அணியுமுன் அதனுள் கைவிட்டுத் துழாவிப் பார்ப்பதும் அவசியம். வெந்நீர் ஒத்தடம் கூடாது. உணர்ச்சியற்ற கால் வெந்து போவதை அறியாது.

விருந்து வீட்டில் "ஒரு வாய்தானே, இன்று ஒரு நாள் மாத்திரை கூடப் போட்டுக்கொள்ளுங்கள், அண்ணாச்சி" என்று மக்ரூனை இலையில் வைத்து வற்புறுத்துவது அன்பு என்றே நாம் எண்ணி வருகிறோம். இதற்கு மறுபுறம், நோயாளி எதை எடுத்தாலும் பத்துப் பேர் முன்னிலையில் கண்டிக்கும் உறவினரும் உளர். இரண்டுக்கும் அஞ்சி நோயை மறைப்பவர் பலர். மகளின் சம்பந்தம் தட்டிப்போகும் என்று அஞ்சும் தாய்மார் பெரும்பாலும் மறைக்கின்றனர். 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்படி, பெண் தன்னார்வலர்கள் இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தருகின்றனர். 2024-ல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் பெற்ற திட்டம் அது. அத்தன்னார்வலர் வாசலில் நிற்பதை அண்டை வீட்டார் பார்த்துவிடுவர் என்று, "மாத்திரை வேண்டாம், பிறகு வாருங்கள்" எனத் திருப்பி அனுப்பும் வீடுகளும் உண்டு. ஆகவே, கிராம சபையில் நோயைப் பற்றிப் பேசலாமேயன்றி நோயாளியின் பெயரைப் பேசலாகாது; பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதும் தகாது.

நோயின் வாசலில் நிற்போருக்கு ஒரு நற்செய்தி உண்டு. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வில், உணவு மாற்றமும் நடைப்பயிற்சியும் மட்டுமே நோய் வருவதை நூற்றுக்கு 28 பங்குக்கு மேல் குறைத்தன. வாசலில் நிற்கிறோமா என்பதை அறிய, 30 வயது கடந்தோர் யாவரும் சோதித்துக் கொள்ள வேண்டும்.

அச்சோதனைக்கு முகாம் வைக்கும்போது பஞ்சாயத்தார் நேரத்தைக் கவனித்தல் நலம். காலை பத்து மணிக்கு நடத்தும் முகாமுக்கு வேலையற்றோரே வருவர். கடலுக்குச் சென்றவர் திரும்பியிரார், உப்பளத்தார் பாத்தியில் நிற்பர். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை, எந்நேரமும் செய்யலாம். உப்பள ஊர்களில் பிற்பகல் மூன்று மணிக்கு மேலும், கடற்கரைக் கிராமங்களில் வலை கரையேறிக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மக்கள் கோயிலை விட்டு வெளிவரும் வேளையிலும் முகாமை வைக்குமாறு ஆரம்ப சுகாதார நிலையத்தாரிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம்.