ஆளைக் கணக்குப் போடு, அப்புறம் பொருளை வாங்கு

அன்புள்ள கயல்,

நீ வாட்ஸப்பில் அனுப்பிய பட்டியலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தேன். தொட்டில், ஸ்ட்ரோலர், ஸ்டெரிலைசர், பேபி மானிட்டர், குளிப்பாட்டும் டப் என்று நீண்டுபோய், கடைசி வரியில் உன் நாயையும் பூனையையும் பற்றி 'கருப்பன், சுந்தரி?' என்று கேள்விக்குறியோடு நிற்கிறது. சாமான்களைப் பற்றி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. பாதி தேவைப்படும், பாதி பரணுக்குப் போகும். என் கண்ணில் பட்டது வேறு. அவ்வளவு பெரிய பட்டியலில் மாப்பிள்ளை பேர் இல்லை, உங்கம்மா பேர் இல்லை, ஆயா என்று ஒரு சொல் இல்லை.

குழந்தை வந்த வீட்டில் தட்டுப்பாடு பொருளுக்கு வராது, கைக்குத்தான் வரும். ராத்திரி ரெண்டு மணிக்கு யார் எழுந்திருப்பது, விடியற்காலையில் கருப்பனை யார் கீழே கூட்டிப்போவது, நீ வேலைக்குத் திரும்பிய பிறகு பத்திலிருந்து ஆறுவரை குழந்தை யார் மடியில் இருக்கும். இதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டால் பணக் கணக்கும் நாய்க் கணக்கும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாகப் போன காலத்தில், எல்லா வசதியும் இருந்த வீடு திணறியதையும் பார்த்திருக்கிறேன், ஓட்டு வீடு ஒன்று அலட்டிக்கொள்ளாமல் சமாளித்ததையும் பார்த்திருக்கிறேன். யார் எதைச் செய்வது என்று முன்னாலேயே பேசிவைத்திருந்தார்களா என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் உன் விடுப்பு. 1961-ம் வருஷத்துப் பேறுகாலப் பயன் சட்டத்தை 2017-ல் திருத்தியதிலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கும் சம்பளத்தோடு 26 வாரம் உண்டு. 2020-ல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே அளவுதான். அதில் பிரசவத்துக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். உன் சிநேகிதிகள் ஏழாம் மாசக் கடைசியிலேயே லீவு போட்டார்கள் என்று எழுதியிருந்தாய். உடம்பு கேட்டால் நீயும் போடு, அதில் பேரம் வேண்டாம். உடம்பு இடம் கொடுத்தால் பொறுத்துக்கொள். முன்னால் மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு வாரமும் பின்னால் கிடைக்கும். தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டிய காலம் ஆறு மாசம். 8 வாரத்தை முன்னாலேயே செலவழித்துவிட்டால் குழந்தைக்கு நாலு மாசம் முடிந்த கையோடு நீ லேப்டாப்பைத் திறக்க வேண்டியிருக்கும்.

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை என்பதால் கம்பெனிகளும் சொல்வதில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும். தாய் ஒரு நாளைக்கு நாலு முறை போய்ப் பார்த்துவரலாம். குழந்தைக்கு 15 மாசம் ஆகும்வரை பாலூட்டுவதற்கென்று தினமும் இரண்டு இடைவேளை தனியாக உண்டு. உங்கள் ஆபீஸில் எத்தனை பேர் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஹெச்.ஆரிடம் கேட்க வேண்டியது நீ. வாயால் கேட்காதே, மெயிலில் கேள்.

மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். தனியார் கம்பெனியில் அப்பாவுக்கு விடுப்பு கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் இல்லை. அவர் கம்பெனி பத்து நாள் தருகிறது என்றாயே, அதை முழுக்கப் பிரசவ வாரத்திலேயே கொட்டிவிட வேண்டாம் என்று சொல். அந்த வாரத்தில் வீடு நிறைய ஆள் இருக்கும். உங்கம்மா, உன் மாமியார், பார்க்க வருகிறவர்கள் என்று அவர் உட்கார நாற்காலிகூடக் கிடைக்காது. ரெண்டு மூணு நாள் போதும். மிச்சத்தை நீ வேலைக்குத் திரும்புகிற வாரத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். அன்றைக்குத்தான் ஆள் தேவை.

இனி பணம். தொட்டிலும் ஸ்ட்ரோலரும் ஒருமுறைச் செலவு, யாராவது அன்பளிப்பாகக்கூட வாங்கித் தந்துவிடுவார்கள். பயப்பட வேண்டியது மாசா மாசம் வருகிற செலவுக்கு. டயப்பரையே எடுத்துக்கொள். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பத்து ஆகும். ஒன்று பத்து ரூபாய் என்று வைத்தாலும் மாசம் மூவாயிரம் பக்கம் வந்துவிடும். பகலில் வேட்டித் துணியும் ராத்திரிக்கும் பயணத்துக்கும் டயப்பரும் என்று வைத்துக்கொண்டால் ஆயிரத்துக்குள் அடங்கும். உங்கப்பாவின் பழைய எட்டு முழ வேட்டி, துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப் போனதே, அதைவிட நல்ல துணி கடையில் கிடையாது. முக்கோணமாக மடித்து இடுப்பில் ஒரு முடிச்சு, அவ்வளவுதான். நான் துணிக்குக் கட்சி கட்டுவது காசுக்காக மட்டும் இல்லை. குழந்தை எத்தனை தடவை நனைக்கிறது என்பது துணியில் தெரியும். அஞ்சாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு துணியாவது நனைந்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். 'பால் பத்தலை, பவுடர் பால் வாங்கு' என்று யாராவது ஆரம்பிக்கும்போது கொடியில் காயும் துணியைக் காட்டிவிடு.

ஆஸ்பத்திரிச் செலவில் பிரசவ பில்லை ஓரளவு முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தெரியாதது குழந்தையின் பில். குறைமாசமாகவோ மூச்சுத் திணறலோடோ பிறந்து பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்க நேர்ந்தால், கட்டணம் நாள் கணக்கில் ஏறும். இப்போது புதிதாகத் தனி பாலிசி எடுத்தாலும் இந்தப் பிரசவத்துக்கு உதவாது, மகப்பேறுக்குக் காத்திருப்புக் காலம் வைத்திருப்பார்கள். கம்பெனி பாலிசியில் பிரசவத்துக்கு உச்சவரம்பு எவ்வளவு, குழந்தைக்குப் பிறந்த அன்றிலிருந்தே காப்பீடு உண்டா, எத்தனை நாளுக்குள் பேரைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கு. அந்தப் பதிலைப் பார்த்த பிறகு ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கிவை. அதைத் தொடாதே, தங்கச் சங்கிலிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தடுப்பூசிக்கு அரசு நிலையம் போவதில் உனக்குக் கூச்சம் வேண்டாம். பிறந்ததும் போடுகிற பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி, அப்புறம் 6, 10, 14 வாரங்களில் வருகிறவை, ஒன்பது மாசத்தில் தட்டம்மை ரூபெல்லா, எல்லாமே இலவசம். கூடவே பிறப்புப் பதிவை 21 நாளுக்குள் முடித்துவிடு. கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண் இல்லாமல் சான்றிதழ் கிடைக்காது. அந்த எண் உள்ள சீட்டு எங்கே இருக்கிறது என்று மாப்பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.

பெரிய செலவு, குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கானது. 'அம்மா வந்துடுவாங்க, அதனால செலவில்லை' என்று நீ தனியாக எழுதியிருப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்கம்மா கோயம்புத்தூர் வந்து உட்கார்ந்தால் ஊரில் உங்கப்பா தனியாகச் சமைத்துச் சாப்பிட வேண்டும், மாட்டைக் கறக்க ஆள் போட வேண்டும். அண்ணிக்கு முழங்கால் வலி. தூக்கித் தூக்கி இறக்கினால் ஆறாவது மாசத்தில் அவருக்கே ஒரு ஆள் தேவைப்படும். வரட்டும், ஆனால் அவர் கூடவே வேலைக்காரி ஒருத்தியையும் கணக்கில் எழுது. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை அவர் ஊருக்குப் போய் ஒரு வாரம் இருந்து வருவதையும் எழுது. கேட்க மாட்டார், நீதான் டிக்கெட் போட்டுத் தர வேண்டும்.

ஆயா வைப்பதென்றால் சம்பளத்தோடு முடியாது. ஏஜென்சிக்குக் கமிஷன், சாப்பாடு, தங்க இடம், மாசத்தில் விடுமுறை நாள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவளும் ஊருக்குப் போவாள், அவளுக்கும் பிள்ளைகள் இருக்கும். போன் நம்பரோடு அடையாள அட்டை நகலும் வாங்கிவை. முன்பு வேலை பார்த்த வீட்டில் விசாரி. சந்தேகப்படுகிறோமே என்று தயங்காதே, நல்ல ஆயாவாக இருந்தால் அவளே சொல்லிக்கொடுப்பாள்.

காப்பகத்தைப் பார்க்கப் போகிறபோது முன்னாலேயே சொல்லிவிட்டுப் போகாதே. சொன்னால் பலூன் கட்டியிருப்பார்கள். மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போய் நில். ஒரு வயசுக்குக் கீழே எத்தனை பிள்ளைகள், பார்க்கிற கை எத்தனை என்று எண்ணு. துணி மாற்றிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சோறு ஊட்டுகிறார்களா, மெத்தைகள் வெயிலில் காய்கின்றனவா, அழுகிற பிள்ளையிடம் முதலில் யார் போகிறார்கள் என்று பார். சுவரில் ஒட்டியிருக்கிற ஏ பி சி டி படத்துக்கு மார்க் போட வேண்டாம். கட்டணம் கேட்கும்போது நேரம் கடந்து அழைத்துப்போனால் எவ்வளவு, காய்ச்சல் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்களா என்பதையும் கேள். சேர்த்துக்கொள்ள மாட்டார்கள், சேர்க்கவும் கூடாது. காப்பகத்தில் விட்ட முதல் வருஷம் பிள்ளைக்குச் சளி காய்ச்சல் அடிக்கடி வரும். அன்றைக்கு யார் லீவு போடுவது? ஒரு தடவை நீ, ஒரு தடவை மாப்பிள்ளை என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள். அந்த லீவுகளும் செலவுதான்.

சரி, கருப்பனும் சுந்தரியும். உன் மாமியார் வளைகாப்புக்குள் ரெண்டையும் அனுப்பிவிடச் சொல்கிறார் என்று தெரியும். அவர் பயம் பொய்யில்லை, தீர்வுதான் தப்பு. கொண்டுபோய் விடுவது என்றால் எங்கே? பைபாஸ் ஓரத்தில் இறக்கிவிடப்பட்ட வளர்ப்பு நாய் அஞ்சாறு நாளுக்கு ஒவ்வொரு கார் பின்னாலும் ஓடும், நான் பார்த்திருக்கிறேன். 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் அதுவும் குற்றம். முதல் தடவைக்கு அபராதம் அதிகபட்சம் ஐம்பது ரூபாய்! அந்தக் காலத்தில் ஐம்பதுக்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும்.

பூனையால் வருவது டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி. கர்ப்பத்தில் முதல்முறையாகத் தொற்றினால் சிசுவைப் பாதிக்கலாம் என்பது உண்மை. ஆனால் பூனையைத் தடவிக் கொடுப்பதால் வருவதைவிட, வேகாத கறியாலும் கழுவாத கீரையாலும் வருவதற்கு வாய்ப்பு அதிகம். பூனை மலத்தில் வெளியேறும் கிருமி ஒன்றிலிருந்து ஐந்து நாளுக்குள் தொற்றும் தன்மை பெறும். அதனால் மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும், செய்வது மாப்பிள்ளையாக இருக்க வேண்டும். பட்டியலில் அவர் பேருக்கு நேரே எழுத முதல் வேலை கிடைத்துவிட்டது. குழந்தை பிறந்த பிறகு தொட்டிலுக்கு வலை போடு. பூனைக்குக் கதகதப்பான இடம் பிடிக்கும், குழந்தை பக்கத்தில் போய்ச் சுருண்டுகொள்ளும். தூங்குகிற அறைக் கதவைச் சாத்து.

கருப்பனுக்கு வேலை அதிகம். வெறிநோய்த் தடுப்பூசி வருஷா வருஷம் போட்டிருக்க வேண்டும், பூச்சி மருந்தும் உண்ணி மருந்தும் தவறக் கூடாது. கார்டை எடுத்துத் தேதியைப் பார். இப்போது அவன் உங்கள் கட்டிலுக்கடியில் தூங்குகிறான் இல்லையா? படுக்கையைக் கூடத்துக்கு மாற்றுவதை இந்த வாரமே தொடங்கு. குழந்தை வந்த அன்று மாற்றினால் அந்தச் சின்னப் பொட்டலம் வந்ததால்தான் தன்னை வெளியே தள்ளினார்கள் என்று நினைத்துக்கொள்வான். செல்போனில் குழந்தை அழுகைச் சத்தத்தை மெதுவாக ஓடவிட்டு, அந்த நேரத்தில் அவனுக்குத் தின்பதற்கு ஏதாவது கொடு. நாள் போகப் போகச் சத்தத்தைக் கூட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தை சுற்றிய துணி ஒன்றை முன்னாலேயே வீட்டுக்கு அனுப்பி மோந்து பார்க்க வை. வீட்டுக்கு வருகிற அன்று குழந்தை வேறொருவர் கையில் இருக்கட்டும், நீ வெறுங்கையோடு உள்ளே போய் அவனைக் கொஞ்சு. அவன் தேடியது உன்னை.

ஒன்றை மட்டும் தளர்த்தாதே. குழந்தையையும் நாயையும் ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக் கூடாது, எவ்வளவு சாதுவான நாயானாலும். உங்கள் மாடி வீட்டுப் பையன் கருப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த போட்டோ அனுப்பியிருந்தாயே, 'எவ்ளோ பாசம்' என்று. அதைப் பெரிதாக்கிப் பார். காது பின்னால் ஒட்டியிருக்கிறது, முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கண்ணோரம் வெள்ளை தெரிகிறது, நாக்கு உதட்டை நக்குகிறது. பாசம் இல்லை கண்ணு, 'விடு' என்று கெஞ்சுகிறான். அதைக் கவனிக்காவிட்டால் அடுத்தது உறுமல். உறுமினால் அடிக்காதே. உறுமக் கூடாது என்று மட்டும் கற்றுக்கொள்வான், அப்புறம் சொல்லாமல் கடிப்பான். குழந்தையை நகர்த்து, அவனுக்கு ஒதுங்கிக்கொள்ள ஒரு மூலை கொடு.

தொப்புள் காய்ந்து விழும்வரை அவன் வாய் குழந்தைமேல் படவே கூடாது. கீறல் இருக்கிற தோலை நக்கினாலும் கடித்ததுபோலத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடு, ஊசி போட்ட நாய்தானே என்று இருந்துவிடாதே. 'நாய் முடியால ஆஸ்துமா வராதா?' என்று கேட்கிறவர்களுக்கு, இழுப்பு வந்தால் டாக்டரைக் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லி நிறுத்திக்கொள்.

பிரசவ வாரத்தில் கருப்பனை யார் நடத்திச் செல்வார்கள்? வாட்ச்மேன் தம்பி என்றால் இப்போதே பணம் பேசி வாரம் ரெண்டு நாள் பழக்கு. அந்தத் தொகையும் கணக்கில் ஏறட்டும்.

நான் பிரசவத்துக்கு வர மாட்டேன், கூட்டத்தில் எனக்கு வேலை இருக்காது. எல்லோரும் கிளம்பின பிறகு, மூணாவது மாசம் வந்து ஒரு மாசம் இருக்கிறேன். என் பேரை ராத்திரி பங்குக்கு எழுதிக்கொள், தூக்கம் எனக்கு எப்படியும் குறைச்சல்தான். வலது ஓரத்தில் ஆள் பேர் எழுத ஒரு கட்டம் போட்டு அந்தப் பட்டியலைத் திரும்ப அனுப்பு. ஹெச்.ஆர். காப்பகத்தைப் பற்றி என்ன பதில் போட்டார்கள் என்பதையும், கருப்பன் கார்டில் இருக்கிற கடைசி ஊசித் தேதியையும் அதிலேயே எழுது.

அன்புடன்,
அத்தை